ஒன்பது நாள் வேலை

ஜூன் 2, திங்கள்

புதிய கணினியில் எழுதும் முதல் குறிப்பு. பழையது மே மாதக் கடைசியில் ஒரேயடியாக நின்றுவிட்டது. கடைக்காரர் புண்ணியத்தில் அதிலிருந்த குறிப்புகள் மட்டும் தப்பின.

சனிக்கிழமை நானும் என் மனைவி ஆவுடையும் போய் இதை வாங்கிவந்தோம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்தாள். பிறகு என் விரலைப் பிடித்து ஒவ்வொரு துளையிலும் வைத்துக் காட்டினாள். "இது சார்ஜர் போடுறது. இது ஹெட்போன். இந்தப் பக்கம் பென் டிரைவ். நல்லா ஞாபகம் வெச்சுக்கிடுங்க அத்தான்." இப்படியெல்லாம் சொல்லித்தருவது அவள் வழக்கமில்லை. அவளே செருகிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள்.

இன்று காலை ஏழு மணி பஸ்ஸில் சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கிறாள். அவள் தம்பி கோமதிநாயகத்தின் மனைவி செண்பகத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். நாலைந்து நாளில் வந்துவிடுவாள். ஆட்டோவில் இரண்டு பெட்டிகள் ஏறிய சத்தம் கேட்டது. அங்கே தண்ணீர் கஷ்டம், துவைக்க முடியாது. அதனால் துணி கூடுதலாக எடுத்துப் போயிருப்பாள்.

பிறவியிலேயே கண் தெரியாத எனக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று உண்டு. அதை இதில் ஏற்றிக்கொண்டாயிற்று. ஆனால் புதுக் கணினி எனக்கு முன்பே நான் கேட்காத செயலிகளைக் குடித்தனக்காரர்களாகச் சேர்த்துவைத்திருக்கிறது. இந்தப் பத்தியை எழுதுவதற்குள் நான்கு முறை குறுக்கே வந்துவிட்டார்கள். ஒருவன், 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது' என்கிறான். ஒருத்தி, செருப்புக்கு நாற்பது சதவீதம் தள்ளுபடி என்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் அடித்துக்கொண்டிருக்கும் எழுத்துகள் அவர்கள் ஜன்னலுக்குள் விழுந்து காணாமல்போகின்றன.

ஆவுடை வந்ததும் எடுத்துப்போடச் சொல்ல வேண்டும்.


ஜூன் 3, செவ்வாய்

கடைக்குப் போன் செய்தேன். "அது கம்பெனியிலேயே போட்டு அனுப்புறது சார். நாங்க ஒண்ணும் போடல. வீட்டுல யாராவது கண்ணு தெரிஞ்சவங்க இருந்தா ரெண்டு நிமிசத்துல எடுத்துறலாம்" என்றார்.

இருக்கிறாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த மெஸ்கார அம்மா, "ஒரு மாசத்துக்குச் சொல்லிட்டுப் போயிருக்காவ சார், ஒறப்பு கம்மியாப் போடணும்னு" என்றாள். நாலு நாளை ஒரு மாதம் என்று விளங்கிக்கொண்டிருக்கிறாள். காது மந்தம் போலும்.


ஜூன் 4, புதன்

பதினாறாம் தேதி கல்லூரி திறக்கிறது. மூன்றாமாண்டு மாணவர்களுக்கு இரண்டு பாடங்களுக்குக் குறிப்பு தயாரிக்க வேண்டும். அரைப் பக்கம்கூட நகரவில்லை. பொறுக்கமாட்டாமல் நாகர்கோவிலில் இருக்கும் ஸ்டெல்லாவைப் போனில் கூப்பிட்டேன். பார்வையற்றோர் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இப்போது வங்கியில் வேலை. அவளுக்கும் கண் தெரியாது, தனியாகத்தான் வசிக்கிறாள்.

"எடே, கம்ப்யூட்டர் வேண்டாத சாமானோடதான் வரும். நீதான் ஒவ்வொண்ணாத் தூக்கிப் போடணும்" என்றாள்.

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல ஸ்டெல்லா. ஆவுடைதான் பாத்துக்கிடுவா."

"ஆவுடைக்கு முன்னால நீ எப்படி ஜீவிச்ச? செட்டிங்ஸத் திற. நான் லைன்ல இருக்கேன்."

ஒன்றரை மணி நேரம். பட்டியலுக்குள் போனால் குரல் ஒவ்வொரு பெயராகச் சொல்கிறது. வேண்டாத பெயரில் நின்று, பொத்தானைத் தேடி அழுத்தி, 'நிச்சயமாகவா?' என்று கேட்டால் ஆம் என்று சொல்ல வேண்டும். வேண்டாதவர்கள் பதினொருவர் இருந்தார்கள். இன்று செருப்புக்காரி போனாள். முதல் ஆளை நீக்கியதும் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். சொல்வதற்கு ஆவுடை பக்கத்தில் இல்லை.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். "செண்பகம் எப்படி இருக்கா?" "இருக்கா." "எப்ப வார?" "இங்க கொஞ்சம் சோலி இருக்கு அத்தான். பொறவு பேசுதேன்."

செருப்புக்காரி விஷயத்தைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.


ஜூன் 5, வியாழன்

சீட்டாட்டம், மிட்டாய் ஆட்டம், வானிலைச் செய்தி, புகைப்படம் திருத்துவது. நாலும் ஒழிந்தன. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.


ஜூன் 6, வெள்ளி

வைரஸ் காவல்காரன் போக மறுக்கிறான். முப்பது நாள் இலவசம், அதற்குப் பிறகு சந்தா. அவனை நீக்கப்போனால் ஒரு ஜன்னல் திறக்கிறது. அதில் மூன்று பொத்தான்கள். கண் உள்ளவர்களுக்கு அவற்றின் மேல் ஏதோ எழுதியிருக்குமாம். என் குரலுக்கு அது அகப்படவில்லை. 'பொத்தான். பொத்தான். பொத்தான்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறது. முதலாவதை அழுத்தினேன், மறுபடியும் முதலில் இருந்து வந்தது. இரண்டாவதை அழுத்தினேன், வங்கி அட்டை எண்ணைக் கேட்டது. பயந்துபோய் மூடிவிட்டேன்.

ஆவுடை இருந்தால் ஒரு நொடி. கூப்பிட்டால் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வருவாள். என் தோளுக்கு மேலே குனிந்து, "மூணாவது" என்று சொல்லிவிட்டுப் போவாள். இருபத்துமூன்று வருடமாக அப்படித்தான். என் முனைவர் பட்டத்துக்கு நானூறு புத்தகமாவது வாசித்திருப்பாள். விடைத்தாள், வினாத்தாள், சுற்றறிக்கை, கல்வெட்டுத் தொகுதி எல்லாம் அவள் குரலில்தான் எனக்குத் தெரியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் எப்போதும் இருந்தது வாசிப்புச் சத்தம்தான்.

கடைசியாக வாசித்த பெரிய வேலை, ஜனவரியில் கல்லூரித் தர மதிப்பீட்டுக்காக நான் சரிபார்த்துக் கொடுக்க வேண்டியிருந்த அறிக்கை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், அத்தனையும் படமாக எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை வாசித்ததில் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இடையில் மாமா, அவள் அப்பா, காலமான துக்கம் வேறு. அதற்குப் பிறகு அவள் எனக்கு எதுவும் சத்தமாக வாசித்ததாக நினைவில்லை. நானும் கேட்கவில்லை, தொண்டை சரியாகட்டும் என்று.


ஜூன் 7, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் பட்டியலில் 'ஆடியோ' என்று தொடங்கும் ஒரு பெயர் வந்தது. கூடவே கம்பெனியின் பெயரும் இருந்தது. இதுவும் பாட்டுப் போடும் சாமான்தான் என்று நினைத்து நீக்கினேன். 'நிச்சயமாகவா?' ஆம்.

குரல் பாதி வார்த்தையில் நின்றது.

விசைகளைத் தட்டினேன். ஒன்றுமில்லை. மூடியில் காதை வைத்தேன், விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கணினி உயிரோடுதான் இருக்கிறது, என்னோடு பேச மாட்டேன் என்கிறது.  எழுதியது சேமித்திருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

ஆவுடையைக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"ஆவுடை, கம்ப்யூட்டர் பேச மாட்டேங்கு. வீடியோ கால் போடுதேன். திரையில என்ன இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம்.

"கேக்குதா? ரெண்டே நிமிசம்தான்."

"அத்தான்" என்றாள். மிகவும் மெதுவாக, காய்ச்சல்காரரிடம் பேசுவதுபோலப் பேசினாள். "நான் இனிமே பாத்துச் சொல்ல மாட்டேன்."

"இப்ப முடியாதுன்னா சாயங்காலம் போடுதேன்."

"இப்பன்னு இல்ல. இனிமேன்னுதான் சொல்லுதேன்."

"என்ன கோவம் ஒனக்கு? நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. வெச்சிரட்டா?"

வைத்துவிட்டாள். ஏதோ எரிச்சலில் இருந்திருக்கிறாள். நோயாளி இருக்கும் வீடு, தூக்கம் இருக்காது.

ஸ்டெல்லாதான் வழி சொன்னாள். பவர் பொத்தானைப் பத்து எண்ணும்வரை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டு, மறுபடி போட வேண்டும். தொலைந்த சத்தத்தைக் கணினி தானே தேடி எடுத்துக்கொள்ளுமாம். அப்படியே ஆயிற்று. குரல் திரும்பியபோது நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. கணினிக் கவலையில் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.


ஜூன் 8, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.


ஜூன் 9, திங்கள்

காலையில் ஸ்டெல்லா அவளாகவே கூப்பிட்டாள். காவல்காரனை விட்டுவிட்டு இன்னொரு வித்தை சொல்லித்தந்தாள். படமாக இருக்கும் பக்கத்தைக்கூட எழுத்தாக மாற்றிப் படிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. என் குரலிலேயே அந்த வசதி இருக்கிறதாம். ஒரு விசை, அவ்வளவுதான். சோதித்துப் பார்க்க டிரைவில் கைக்கு அகப்பட்ட ஒரு கோப்பைத் திறந்தேன். ஜனவரி அறிக்கை.

படித்தது. அட்டவணைகளை மட்டும் கொஞ்சம் கொத்திக் கொத்திப் படித்தது. மற்றதெல்லாம் தெளிவாக இருந்தது.

"இது எப்ப வந்தது ஸ்டெல்லா?"

"எது? இதா? நான் ஏழெட்டு வருசமா இதுலதான் படிக்கேன்."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே."

"சொன்னேனே! ஒரு தடவயா? 'எனக்கு ஆவுடை வாசிப்பா, அந்தத் தகரக் குரல எவன் கேப்பான்'னு சிரிச்ச. எனக்கு வாசிக்க ஆளில்ல, நான் படிச்சேன். ஒனக்கு ஆளு இருந்தது."

சொன்னது உண்மைதான். சிரித்ததும் உண்மைதான்.

ஜனவரியில் நடந்ததை நான் இதுவரை எங்கும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை கோமதிநாயகம் போன் செய்தான். "அப்பா ஒன்னயக் கேக்காவக்கா, ஒடனே வா." ஆவுடை போனைக் கையில் வைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று நான்தான் கேட்டேன். நூற்றுப் பத்து என்றாள். "வியாழக்கிழமை குடுத்தே ஆகணும் ஆவுடை. ரெண்டு நாள் பொறுத்துக்கோ. மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். உட்கார்ந்து வாசித்தாள்.

புதன்கிழமை மத்தியானம் நூற்று எழுபத்தோராம் பக்கத்தில் இருந்தோம். ஐந்தாண்டுத் தேர்ச்சி விகித அட்டவணை. போன் வந்தது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அட்டவணையில் மூன்று வரி மீதி இருந்தது. மூன்றையும் வாசித்தாள். வணிகவியல், எழுபத்தெட்டு. கணிதம், அறுபத்தொன்று. வரலாறு, எண்பத்துநான்கு. பிறகு, "அப்பா போயிட்டாவ" என்றாள்.

அந்த மூன்று வரியில் அவள் குரல் மாறவே இல்லை. எனக்குக் காது கூர்மை என்று ஊரெல்லாம் சொல்வார்கள்.


ஜூன் 10, செவ்வாய்

காவல்காரன் போய்விட்டான். புதிய வித்தையைக் கொண்டு அந்த ஜன்னலையே படித்தேன். மூன்று பொத்தான்களும் பேசின. முதலாவது, பிறகு நினைவூட்டு. இரண்டாவது, இப்போதே வாங்கு. மூன்றாவது, பாதுகாப்பு இல்லாமல் தொடர்கிறேன்.

மூன்றாவதை அழுத்தினேன்.

போன வாரம் திங்களன்று உட்கார்ந்தவன், இன்று ஒன்பதாவது நாள். பதினொருவரில் ஒருவரும் மிச்சமில்லை. தெரியாமல் எடுத்த அந்த ஆடியோ சாமானும் அதில் ஒன்று. இப்போது எழுதும்போது யாரும் குறுக்கே வருவதில்லை.

நாளை மறுநாள் சங்கரன்கோவில் போகிறேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை. நானே தனியாகப் போய் இறங்கினால் ஆவுடை சந்தோஷப்படுவாள். கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.


ஜூன் 12, வியாழன்

போய் வந்துவிட்டேன். நடந்தபடியே எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் கம்பைத் தட்டிக்கொண்டு நின்றேன். ஒரு கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தார். "தொணைக்கு யாரும் வரலயா?" என்றார். இல்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. இருபத்துமூன்று வருடத்தில் பாளையங்கோட்டையைத் தாண்டி நான் தனியாகப் போனது இதுதான் முதல் தடவை.

சங்கரன்கோவிலில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். செண்பகம்தான் கேட்டைத் திறந்தாள். "அய்யோ அண்ணே! தனியாவா வந்தீய?" என்று பதறி, இரும்பு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டாள்.

"நீ ஏம்மா இதெல்லாம் தூக்குத? ஆபரேஷன் பண்ணின ஒடம்பு."

"அது பங்குனியிலேயே முடிஞ்சிட்டே அண்ணே. இப்ப நல்லா இருக்கேன்" என்றாள். சொன்ன பிறகுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

ஆவுடை வந்தாள். வளையல் சத்தத்தில் தெரிந்தது. வந்தவள் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எப்படி வந்தீய?"

"பஸ்ல. நானேதான்."

"சாப்பிட்டியளா?"

அவள் அதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். செருப்புக்காரி, சீட்டாட்டம், சத்தம் போனது, பெயரில்லாத மூன்று பொத்தான். "ஒரு ஆள் தொண இல்லாம பதினொண்ணயும் எடுத்துட்டேன் ஆவுடை. இப்ப படமா இருக்க பக்கத்தக்கூட அதுவே படிக்கி. ஒனக்கு இனிமே ஒரு வேலையும் கிடையாது. நீ சும்மா வந்து இருந்தாப் போதும்."



"படமா இருக்கதயா?"

"ஆமா."

"ஜனவரியில வாசிச்சமே, அந்த அறிக்க. அதையுமா?"

"அதத்தான் முதல்ல போட்டுப் பாத்தேன். சூப்பராப் படிக்கி" என்றேன். அந்தச் சந்தோஷக் குரல் இப்போதும் என் காதில் நிற்கிறது. அதை அழிக்க எனக்கு வழி தெரியவில்லை.

"இதெல்லாம் கத்துக்கிட எத்தன நாளாச்சு அத்தான்?"

"ஒம்பதே நாள்."

அவள் அழுததை நான் இதற்கு முன் கேட்டதில்லை. மாமா சாவில்கூட அவள் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கவில்லை. இன்று கேட்டது.

"ஒம்பது நாளா?" என்றாள். "ஒம்பது நாள்ல படிச்சிருக்கலாமா அத்தான்? அப்படின்னா எங்கப்பாவ நான் உசுரோட பாத்திருப்பேனே."

 கையை நீட்டினேன். அவள் இருந்த இடம் எனக்குத் தெரியும், இரண்டடிதான். கை எதிலும் படவில்லை. அவள் நகர்ந்தாளா, நான் சரியாக நீட்டவில்லையா, தெரியாது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். "நான் கோவிச்சுக்கிட்டு வரல. கோவம்னா நாலு நாள்ல ஆறிரும். இங்க ஒரு ஸ்கூல்ல பயாலஜி எடுக்கக் கேட்டாவ. சரின்னுட்டேன். காலையில எந்திரிச்சு எனக்கா ஒரு எடத்துக்குப் போணும்போல இருக்கு அத்தான், அவ்வளவுதான்."

"அப்ப நானு?"

"நீங்கதான் பஸ் ஏறி வந்துட்டியளே" என்றாள். அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கோமதிநாயகம் சாயங்கால பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டான். டிரைவரிடம், "அத்தானப் பாத்து எறக்கிவிடுங்க" என்று சொன்னான். அவள் வாசல்வரை வந்தாள்.


ஜூன் 13, வெள்ளி

மன்னிப்புக் கேட்கவில்லை என்பது இன்று காலையில்தான் நினைவுக்கு வந்தது. போனில் கேட்டேன். "கேட்டாச்சுல்லா அத்தான், விடுங்க" என்றாள்.


ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்தது. பாடக் குறிப்பு தயார். சக ஆசிரியர்கள், "வீட்டுல சௌக்கியமா?" என்றார்கள். சௌக்கியம் என்றேன்.


ஜூன் 29, ஞாயிறு

ஆவுடையின் அசல் சான்றிதழ்களைப் பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்களாம். எடுத்துப்போக இன்று வருவதாகக் கோமதிநாயகம் நேற்றுச் சொன்னான். பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் முப்பது நாற்பது தாள்கள். எது எது என்று கேட்க யாருமில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் போன் கேமராவில் படம் பிடித்து, குரலை வாசிக்க வைத்தேன். காலை எட்டரைக்குத் தொடங்கியவன் பதினொன்றுக்கு முடித்தேன்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். பன்னிரண்டாம் வகுப்பு. தாவரவியல் பட்டம், முதல் வகுப்பு. பி.எட். பட்டம். கல்யாணப் பேச்சின்போது 'டிகிரி படிச்ச பொண்ணு, நல்லா வாசிப்பா' என்று தரகர் சொன்னதுதான் எனக்குத் தெரியும். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு பழுப்பு அட்டை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஆசிரியர் பணிக்குப் பதிந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மங்கிப்போன முத்திரைகளைக் குரல் தடுமாறித் தடுமாறிப் படித்தது. இரண்டாயிரத்து ஐந்து. எட்டு. பதினொன்று. அதற்குப் பிறகு அட்டைக்குப் பதில் அச்சடித்த தாள்கள். கடைசித் தாள் இரண்டு வருடத்துக்கு முந்தியது. ஏழு முறை, ஒருமுறைகூடத் தவறவில்லை. நான் வகுப்பில் இருந்த ஏதோ ஏழு நாட்களில் போய் வந்திருக்கிறாள். வந்து எனக்கு வாசித்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் வருட வரிசையில் அடுக்கிப் பையில் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கோமதிநாயகம் வந்தான். காப்பி போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். "ஆட்டோ நிக்கி அத்தான்."

"தனியாவா வந்த மாப்ளே?"

"ஆமா அத்தான்."

"ஒண்ணையும் விடல, எல்லாத்தயும் நானே படிச்சுப் பாத்துட்டேன்னு அக்காட்ட சொல்லு."

"சொல்லுதேன்." பையை வாங்கிக்கொண்டான். "மெஸ் சாப்பாடு ஒத்துக்கிடுதான்னு அக்கா கேக்கச் சொன்னா."

"ஒத்துக்கிடுதுன்னு சொல்லு."

அவன் படியிறங்கினான். கதவைச் சாத்த நான் வாசலுக்கு வந்தேன். ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிப் பின்னால் எடுத்தார். அப்போது தெருமுனையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாக வரும் சத்தம் கேட்டது.

"அண்ணே, பாத்து. பின்னால வண்டி வருது."

ஆட்டோவுக்குள்ளிருந்து ஆவுடையின் குரல்.

ஆட்டோ நின்றது. மோட்டார் சைக்கிள் கடந்து போயிற்று. நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். என்னை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள், பத்தடி தூரம். நான் கூப்பிட்டிருக்கலாம். இருபத்துமூன்று வருடமாகக் கூப்பிட்ட வாய்தான். இன்று கூப்பிடவில்லை.

ஆட்டோ திரும்பி மெயின் ரோட்டில் ஏறும்வரை கேட்டேன்.